முப்பது வயதினருக்கு ஏற்ற எளிய உடை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் இலர். எனினும், அதைச் சொல்லும்போது நாம் நினைப்பது பெரும்பாலும் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் உடுத்தும் உடையையே. ஓராண்டில் அத்தகைய நாட்கள் பத்தோ பதினைந்தோதான். வேலை நேரத்துக்குரிய உடையைத் தொழிற்சாலையும் அலுவலகமும் தாமே நிர்ணயித்துவிடுகின்றன. எஞ்சிய பொழுதுகளில், அதாவது மாலையில் கடைவீதிக்குச் செல்கையிலும், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகையிலும், ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போகையிலும், சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு வருகையிலும் நாம் உடுத்துவதே சாதாரண உடை. நம் வாழ்நாளின் பெரும்பகுதி இவ்வுடையிலேயே கழிகின்றது. ஆயினும், இதைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செலுத்தும் கவனம் மிகக் குறைவு. ஆதலின், இவ்விதழில் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

குறிப்பாக, முப்பது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்ட அங்கத்தினர்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம். இருபதில் வாங்கிய சட்டை முப்பதில் வயிற்றுப் பகுதியில் இறுகுகின்றது. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்குப் பழைய ரவிக்கையும் சுடிதாரும் பொருந்துவதில்லை. பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் யாவும் வந்து சேரும் வயதும் இதுவே. உடல் மாறிய காரணத்தால் புது உடை தேவைப்படும் அதே காலத்தில், அதற்கெனக் கையில் எஞ்சும் பணமோ குறைந்துவிடுகின்றது. இம்முரண்பாட்டை அறிவோடு சமாளிப்பது எங்ஙனம் என்பதே கேள்வி.

நம் பகுதியின் நிலை

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டு கிடக்கும் தோல் தொழிற் பகுதி 2019-ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட போதிலும், வாழ்க்கை முறையில் இன்றும் ஒன்றாகவே உள்ளது. 1970-களில் மத்திய அரசு அரைப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின்னர், தோலைப் பதனிட்டு அனுப்புவதோடு நில்லாமல், காலணியாகவே செய்து அனுப்பும் தொழில் இங்கு ஓங்கி வளர்ந்தது. அக்காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. அதே பகுதியில் குடியாத்தத்தைச் சுற்றித் தறிகள் உள்ளன. குடியாத்தம் லுங்கி பெயர் பெற்ற சரக்கு. நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களும் அக்கம்பக்கத்திலேயே வாழ்கின்றன. ஒரே வீட்டில் ஒருவர் தறியிலும், ஒருவர் வயலிலும், ஒருவர் காலணித் தொழிற்சாலையிலும் உழைப்பதை நாம் காண்கின்றோம்.

உடம்பின் மேல் உடுத்தும் துணியும், காலில் அணியும் செருப்பும் நம் வாசலிலேயே உற்பத்தியாகும்போது, நம்மவர் பலர் தொலைவிலிருந்து வரும் மலிவுச் சரக்கை வாங்கி ஆறு மாதத்தில் கந்தையாக்குவது வருந்தத்தக்கது.

வயதுக்கேற்ற உடை எது?

'வயதுக்கேற்ற உடை' என்னும் சொற்றொடரை நம் சமூகம் இரு வகையாகத் தவறாகப் பொருள் கொள்கின்றது. ஒரு சாரார், முப்பதைக் கடந்தும் கல்லூரி மாணவனைப் போலவே உடுத்த விரும்புகின்றனர். படிக்க இயலாத அந்நிய மொழி வாசகத்தை மார்பில் தாங்கிய பனியனும், முழங்காலில் கிழித்து விற்கப்படும் ஜீன்ஸும் அணிந்து, பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரைக் காணச் செல்கின்றனர். மற்றொரு சாரார், குறிப்பாகப் பெண்கள், முப்பது வயதிலேயே முதுமையை வலிய அழைத்துக்கொள்கின்றனர். "இரண்டு பிள்ளைக்குத் தாயான பின் பளிச்சென்ற நிறம் எதற்கு?" என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ கேட்டுவிட்டால், அன்றோடு அப்பெண்ணின் பெட்டியிலிருந்து மஞ்சளும் பச்சையும் மறைந்துவிடுகின்றன. கணவனை இழந்த பெண்ணுக்கோ இவ்விதி இன்னும் கொடுமையானது.

நிறத்துக்கு வயதில்லை என்பதே நமது அபிப்பிராயம். வயதுக்கேற்ற உடை என்பது மூன்றுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும்: இன்றைய உடலளவுக்கு ஏற்றது, நாள்தோறும் செய்யும் வேலைக்கு ஏற்றது, குடும்பத்தின் வரவுக்கு ஏற்றது. இம்மூன்றும் பொருந்தினால், ஊராரின் நாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

விலையும் மதிப்பும்

கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பது எளிது. மதிப்பைக் காண்பது சற்றே கடினம். ஒரு கணக்கைக் கொண்டு இதனை விளக்குவோம். 250 ரூபாய்க்கு வாங்கிய பனியன் 25 முறை துவைத்ததும் கழுத்து விரிந்து, பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு பயனற்றதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை உடுத்த ஆன செலவு 10 ரூபாய். 750 ரூபாய்க்கு வாங்கிய கெட்டியான பருத்திச் சட்டை 150 முறை உடுத்தப் பயன்படுமாயின், ஒருமுறைக்கு ஆகும் செலவு 5 ரூபாய்தான். மும்மடங்கு விலை கொடுத்தும் பாதிச் செலவே ஆகின்றது. எனவே வாங்கும் முன், 'இதன் விலை என்ன?' என்பதோடு, 'இதை எத்தனை முறை உடுத்துவேன்?' என்றும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். விலை மிகுந்தது யாவும் நெடுநாள் உழைக்கும் என்றும் நினைத்துவிடலாகாது. கம்பெனியின் பெயருக்காகக் கொடுக்கும் பணம் துணியின் வலுவைக் கூட்டுவதில்லை. துணியை நாமே சோதித்தறிதல் வேண்டும்.

துணியைச் சோதிக்கும் முறைகள்

முதலாவது, இழை. கோடையில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் வெப்பம் வேலூர்ப் பகுதிக்குப் புதிதன்று. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய எட்டரைக் கிராம் ஈரத்தைத் தன்னுள் ஏற்கும். பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட ஏற்பதில்லை. வியர்வையைப் பருத்தி உறிஞ்சுவதும், பாலியெஸ்டர் உடம்போடு ஒட்டுவதும் இதனாலேயே. ஆயினும் பாலியெஸ்டரை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. அது சீக்கிரம் உலரும், சுருங்காது, நெடுநாள் கிழியாது. மழைக்காலத்துக்கும், இஸ்திரி போட நேரமில்லாதோர்க்கும் பருத்தி மிகுந்த கலப்புத் துணி ஏற்றதே. வாங்கிய துணி உண்மையில் பருத்திதானா என்று ஐயம் தோன்றினால், உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, தனியே பிடித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணிபோல் உறையும்.

இரண்டாவது, நூலின் நம்பர். நெசவாளராகிய அங்கத்தினர்க்கு இது பழகிய செய்தி. பயிர்த்தொழில் செய்வோர்க்காகக் கூறுகின்றோம். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே அந்நூலின் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெல்லியதாகும். நாள்தோறும் உழைப்போடு உடுத்தும் சட்டைக்கு 40-ஆம் நம்பர் நூலின் உறுதி வேண்டும். வீட்டில் ஓய்வாக உடுத்தும் லுங்கிக்கு 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூலின் மென்மை இதமளிக்கும்.

மூன்றாவது, நெசவின் நெருக்கம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடைவெளி எங்கும் சீராக இருத்தல் நலம். இரு விரல்களுக்கிடையே துணியைக் கசக்கினால் மாவுபோல் உதிருமாயின், கஞ்சியே அதற்குக் கனத்தைக் கொடுத்திருக்கிறது என்று அறிக. முதல் துவைப்பில் அக்கனம் தண்ணீரோடு போய்விடும்.

நான்காவது, சாயம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் மேல் அழுந்தத் தேய்த்தால் உண்மை வெளிப்படும். தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். சாயச்சாலையில் பிடியாத சாயத்தை வீட்டு உப்பு பிடிக்கவைப்பது அரிது. 1950-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி அங்கே சாயம் விட்டது. சாமர்த்தியசாலிகளான வணிகர்கள் அக்குறையையே குணமாக்கி, 'சாயம் விடும் மெட்ராஸ்' என்று விளம்பரம் செய்தனர். அந்நாட்டு இளைஞர்கள் அதனை ஓய்வுநேரச் சட்டையாக விரும்பி அணிந்தனர். அங்கே அது நாகரிகமாயிற்று. நம் வீட்டிலோ, ஒரு சட்டையின் சாயம் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைப் பாழாக்கிவிடும்.

கைத்தறித் துணியா, விசைத்தறித் துணியா என்பதைப் பழக்கமில்லாத கண் எளிதில் பிரித்தறிய இயலாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமுக்காளம் முதலிய 11 வகைத் துணிகள், குறிப்பிட்ட தன்மைகளுடன் நெய்யப்படும்போது, கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆயினும் சந்தையில் கலப்படம் உண்டு. 2006-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட கைத்தறி முத்திரை துணியில் உள்ளதா என்று பார்த்து வாங்குவதே தக்க வழி.

அளவும் தையலும்

இளமையில் இருந்த இடுப்பளவை நினைத்து, 'மெலிந்தபின் சரியாகிவிடும்' என்று இறுக்கமான உடையை வாங்குவது வீண். இன்றைய அளவுக்கே வாங்குக. அதற்காக இரண்டளவு பெரியதை வாங்கி உடம்பை மறைக்க முயல்வதும் அழகன்று. சட்டையின் தோள் தையல் தோள்பட்டை எலும்பின் முனையில் அமைய வேண்டும். கைகளை முன்னே நீட்டினால் முதுகு இழுக்கலாகாது. உட்காரும்போது பொத்தான்களுக்கிடையே வாய் பிளக்கலாகாது. இம்மூன்றும் பொருந்தினால் 400 ரூபாய்ச் சட்டையும் எடுப்பாகத் தோன்றும். இவை பொருந்தாவிடில் 4,000 ரூபாய்ச் சட்டையும் இரவல் வாங்கியதுபோல் தோன்றும்.

தையற்காரரிடம் கொடுத்துத் தைப்போர், துணியை முதலில் ஓரிரவு நனைத்து உலர்த்திய பின்னரே கொடுத்தல் வேண்டும். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும். பக்கத் தையலில் ஓரங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால், பின்னர் பிரித்து விட்டுக்கொள்ளலாம். முப்பது வயதினர்க்கு இவ்வோரங்குலம் பெரிய சேமிப்பு.

ஆண்களுக்கு

வீட்டுக்கு இரண்டு லுங்கி, வெளியே செல்ல நான்கு அரைக்கைச் சட்டை, இரண்டு பருத்திக் கால்சட்டை, ஒரு ஜீன்ஸ், கெட்டியான ஒரே நிறப் பனியன் இரண்டு, பருத்தி வேட்டி ஒன்று: இவ்வளவு இருந்தால் ஓராண்டு தாராளமாகச் செல்லும். சட்டைகளின் நிறம் கால்சட்டைகள் யாவற்றோடும் பொருந்துமாறு தேர்ந்தால், நான்கு சட்டையும் மூன்று கால்சட்டையும் பன்னிரண்டு விதமாக உடுத்த இடம் தரும். திருப்பூர்ப் பனியன் வாங்குவோர் அதன் எடையைக் கேட்டு வாங்குக. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி, மெல்லிய துணியைவிட உருக்குலையாது நிற்கும்.

லுங்கியைப் பற்றி ஒரு யோசனை. அரைக்கால்சட்டையும் டிராக் பேண்டும் வந்தபின் இளைஞரிடையே லுங்கிக்கு மவுசு குறைந்துள்ளது. மூட்டாத லுங்கித் துணி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். நல்ல தையற்காரர் கையில் அது ஓர் அரைக்கைச் சட்டையாகிவிடும். முன்பக்கத்தில் கட்டங்கள் இரு பாதியிலும் நேராகச் சேருமாறு வெட்டச் சொல்வது ஒன்றே கவனிக்க வேண்டியது. கடல் கடந்த மக்கள் மெட்ராஸ் கட்டம் என்று விரும்பி அணிந்ததும் இவ்வினத்துத் துணியைத்தானே?

வேட்டியைத் தாழ்வாக எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்வார்களாக. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி மறுக்கப்பட்டதன் விளைவாக, 2014-ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டமியற்றி அத்தகைய தடையை நீக்கியது. வேட்டி எங்கும் செல்லத் தகுந்த உடையே.

பெண்களுக்கு

காலணித் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலை காத்திருக்கின்றது. அவளுக்கு வேண்டியது இடுப்பிலும் கையிலும் தாராளமான, வியர்வையை உறிஞ்சும், பையுள்ள உடை. நைட்டியின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கடைக்குப் போகும் வழக்கம் எங்கும் பரவியிருப்பது ஏன்? வசதியாகவும் வெளியே செல்லத் தகுந்ததாகவும் உள்ள உடை ஒன்றும் அலமாரியில் இல்லாததே காரணம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பருத்திக் குர்த்தா மூன்று, அவற்றுக்குப் பொதுவான கால்சட்டை இரண்டு, நாட்புழக்கத்துக்கு எளிய கைத்தறிப் புடவை இரண்டு, வீட்டுக்கு நைட்டி இரண்டு இருந்தால் இக்குறை தீரும். குர்த்தாவில் பை வைக்குமாறு தையற்காரரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். பணத்தையும் கைப்பேசியையும் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கும் துன்பம் ஒழியும்.

வேலை உடையைப் பற்றியும் ஒரு சொல். சுழலும் டிரம்முக்கும் தையல் இயந்திரத்துக்கும் அருகே தொங்கும் துப்பட்டாவும் முந்தானையும் ஆபத்தானவை. அங்கே செல்வோர் அவற்றை இறுகச் செருகிக்கொள்ளுதல் அவசியம். பதனிடும் இடத்திலும் பசை பூசும் இடத்திலும் உடுத்திய உடையை வீட்டில் உடனே மாற்றி, குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைத்தல் வேண்டும். வேலை உடையும் வீட்டு உடையும் தனித்தனியே இருந்தால் இரண்டும் நெடுநாள் உழைக்கும்.

காலணி

ஆம்பூரில் தோல் செருப்பும் ஷூவும் விற்கும் கடைகள் பல. மலிவாகக் கிடைப்பதைக் கண்டு மயங்காமல் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் நார்நாராகத் தெரிவது தோல். துணியின் மேல் பூச்சுப் பூசியதாகத் தெரிவது ரெக்சின். அடிப்பாகம் வெறும் பசையால் ஒட்டியதா, தைத்ததா என்று பாருங்கள். நெடுநாள் கிடங்கில் கிடந்த ஷூவின் பாலியூரிதேன் அடிப்பாகம், காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளூரச் சிதைந்து, அணிந்த சில நாளில் பொடிப்பொடியாக உதிர்வதுண்டு. ஆகவே பழைய இருப்பை வாங்குவோர் அடிப்பாகத்தை வளைத்தும் நகத்தால் அழுத்தியும் பார்த்தல் நலம். நடந்து களைத்த மாலை நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்த்து வாங்கினால் பின்னர் கடிக்காது. மழையில் நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்கலாகாது, நிழலில் உலர்த்துக.

கடனும் சேமிப்பும்

இனி, யாவற்றினும் முக்கியமானதைக் கூறுவோம். நம் குடும்பங்கள் ஆண்டு முழுதும் உடை வாங்காதிருந்து, தீபாவளி அல்லது ரம்ஜான் நெருங்கும்போது தண்டல்காரரிடமோ வட்டிக்காரரிடமோ கடன் வாங்கி, ஒரே நாளில் எல்லோர்க்கும் வாங்குகின்றன. கூட்டத்தில் துணியைச் சோதிக்க நேரம் ஏது? 5,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டிக்கு வாங்கி, பத்து மாதம் கழித்து அசலைத் திருப்பினால், வட்டி மட்டும் 2,500 ரூபாய். 5,000 ரூபாய்த் துணிக்கு நாம் கொடுத்த விலை 7,500 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் உறவுக்கதைதான் இது.

அதே குடும்பம் மாதம் 500 ரூபாய் வீதம் பத்து மாதம் சேமித்தால் 5,000 ரூபாய் கையில் இருக்கும். 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி வழங்குவது வழக்கம். மாதத் தவணையில் சேமித்துத் துணி வாங்கும் திட்டமும் அந்நிறுவனத்தில் உண்டு. 30 சதவீதத் தள்ளுபடி கிடைக்குமாயின், 5,000 ரூபாய்க்கு 7,000 ரூபாய்க்கு மேற்பட்ட கைத்தறித் துணி கிடைக்கும். கடன் வாங்கியவர் 7,500 ரூபாய் கொடுத்து 5,000 ரூபாய்த் துணியைப் பெற, சேமித்தவர் 5,000 ரூபாய் கொடுத்து 7,000 ரூபாய்த் துணியைப் பெறுகின்றார். இருவர் வருமானமும் ஒன்றே. வேறுபாடு திட்டமிடுவதில்தான் உள்ளது. ஆயத்த ஆடைகளுக்கான சரக்கு சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் மாறியுள்ளது. ஓர் உடையின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். சாதாரண உடைக்கு அவ்வெல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் அலமாரியைத் திறந்து, ஓராண்டாக உடுத்தாதவற்றை எடுத்து வையுங்கள். பிரித்துத் தைக்கக்கூடியதைத் தையற்காரரிடமும், நல்ல நிலையில் உள்ளதைத் தேவைப்படுவோரிடமும் கொடுங்கள். நைந்த வேட்டியும் பழம் பருத்திப் புடவையும் குழந்தைக்குத் தூளியாகவும் வீட்டுக்குத் துடைக்கும் துணியாகவும் பயன்படும். அதன்பின் எது இல்லையோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

கூட்டுறவாளராகிய நமக்கு இதில் மற்றொரு கடமையும் உண்டு. சங்கத்தில் நெய்த துணி விற்காமல் தேங்கினால் முதல் முடங்கும்; முதல் முடங்கினால் நெசவாளர்க்குப் பாவு கிடைக்காது; பாவு இல்லையேல் கூலி இல்லை. நாம் வாங்கும் ஒரு லுங்கியும் ஒரு குர்த்தாத் துணியும் அண்டை வீட்டுத் தறியை ஓடவைக்கும். நெசவாளர்களும் முப்பது வயதினர் விரும்பும் நிறங்களிலும், சட்டைக்கும் குர்த்தாவுக்கும் ஏற்ற அளவுகளிலும் நெய்ய முற்படுதல் வேண்டும். வாங்குவோர் தம் தேவையைச் சங்கத்தில் எடுத்துக் கூறினாலன்றி அவர்கள் அதை அறிவது எப்படி? அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதுபற்றிப் பேச முன்வருவார்களாக.